கேட்டல் தேர்வில் மூன்று முறை ஒலிக்கும்

ஸ்பானிஷ் எடுத்தவர்கள் ஒன்பது பேர்.
பிரெஞ்சு வகுப்பில் இடமில்லாமல் வந்தவர்கள் நான்கு,
கால்பந்துக்காக வந்தவன் ஒருவன்,
மீதி நாங்கள், துறைமுகத்துப் பிள்ளைகள்.
ஜன்னலைத் திறந்தால் ஸ்பானியப் படகுகள் தெரியும்.
கார்க் மாவட்டத்தின் மேற்கு நுனி இது,
இதற்கப்பால் மழைதான்.

கடோகன் சார் சொன்னார்:
"இருப்பதற்கு அவர்களிடம் இரண்டு வினை.
ஒன்று நிலையாக இருப்பது.
மற்றது இப்போதைக்கு இருப்பது.
மாற்றிப் போட்டால் மதிப்பெண் போச்சு.
ஆனால் எங்கே என்று கேட்டால்
மலையே ஆனாலும் இரண்டாவதுதான்."
நோட்டின் நடுவே கோடு கிழித்தேன்.
இடப்பக்கம்: நான் பெண். மலை உயரம்.
வலப்பக்கம்: எனக்குக் களைப்பு. கடை மூடியிருக்கிறது.
அப்பா ஐஸ் ஆலையில் இருக்கிறார்.

அப்பாவுக்குத் தெரிந்த ஸ்பானிஷ் பதினான்கு சொல்.
ஐஸ், டன், நாளைக்கு, ரொக்கம்.
மிச்சம் பத்தையும் வகுப்பில் சொல்ல முடியாது.
ஒன்றைச் சொல்லிப் பார்த்து
வெள்ளிக்கிழமை நாலரை வரை உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் ஆண்டு செப்டம்பரில்
மரின் துறைமுகத்துக்குத் திரும்பிய படகொன்றில்
அவரும் ஏறிப் போனார்.
இரண்டு பை, சவர மெஷின். சண்டை ஏதுமில்லை.
"ஐஸ் விற்கப் போன மனுஷன்
அங்கேயே உருகிட்டார்" என்றாள் அம்மா,
அடுப்பைத் துடைத்துக்கொண்டே.
அதற்குப் பிறகு அவள் அந்த நகைச்சுவையைச் சொல்லவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு 'என் குடும்பம்', பன்னிரண்டு வாக்கியம்.
நிகழ்காலத்தில் சொன்னால் தேறலாம்,
இறந்தகாலம் கலந்தால்தான் நல்ல மதிப்பெண்.
நான் கலக்கவில்லை.
என் அப்பாவின் கண்கள் சாம்பல் நிறம்.
ஐந்து மணிக்கு எழுகிறார். முட்டை அவிக்கிறார்.
எங்கள் வீட்டில் நான்கு பேர்.
ஊரே அறிந்த கதை சாருக்குத் தெரியாதா?
விட்டுப்போன ஓர் அழுத்தக்குறியை மட்டும்
பென்சிலால் போட்டுத் திருப்பித் தந்தார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு,
கல்லூரி விண்ணப்பத்துக்கு அவருடைய வரி எண் வேண்டியிருந்தது.
ஒரு பெண் எடுத்தாள். "தீகா" என்றாள்.
முப்பத்தொன்றாம் பக்கம், தொலைபேசியில் பேசுதல்.
மனப்பாடம் செய்ததை, 'நீங்கள்' போட்டு, பிசகாமல் சொன்னேன்:
சென்யோர் ஹாரிங்டனுடன் பேச இயலுமா?
பின்னால் எண்ணெயில் எதுவோ பொரிந்தது.
"நோ எஸ்தா" என்றாள்.
இல்லை. இப்போதைக்கு. இரண்டாவது வினை.
ரொட்டி வாங்கக் கீழே போயிருக்கிறார்,
பையனோடு.

கேட்டல் தேர்வில் மூன்று முறை ஒலிக்கும்.
முதல் முறை சும்மா கேள், அடுத்து நிரப்பு, அப்புறம் சரிபார்.
எனக்கு ஒரே முறைதான் ஒலித்தது.
யார்? எங்கே? எதற்கு? யாரோடு?
எல்லாக் கோடிட்ட இடமும் நிரம்பிவிட்டது.

யார் பேசுவது என்று கேட்டாள்.
அதே பக்கத்தில், நான்கு வரி கீழே,
அந்தக் கேள்வியும் இருக்கிறது, பதிலும் இருக்கிறது.
மகள் என்பதற்கு முதல் வினை, நிலையானது, அதுவும் தெரியும்.
"ஐஸ் ஆலையிலிருந்து" என்றேன்.
வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை.

ஏப்ரலில் லிமரிக்கிலிருந்து தேர்வாளர் வந்தார்.
சளி பிடித்திருந்தது அவருக்கு,
ரிக்கார்டரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.
வானிலை, பொழுதுபோக்கு, பிறகு:
உன் வீட்டில் எத்தனை பேர்?
வீட்டில் என்றால் மூன்று.
நோட்டில் நான்கு.
அம்மா, ஃபியக்ரா, நான் என்று
மேஜைக்கடியில் விரல் மடக்கத் தொடங்கி
கட்டைவிரல் வரை வந்துவிட்டேன்.

"தின்கோ" என்றேன்,
பல்லிடுக்கில் நாக்கு நுனியை வைத்து,
அந்தப் பக்கத்தார் சொல்வதுபோல்.

உச்சரிப்பு நன்று என்று குறித்துக்கொண்டு
அடுத்த அட்டையைத் திருப்பினார்.